கேம்பர் வேனின் பின்னால் சைக்கிள் தாங்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேனையே வீடாக்கிக்கொண்டு ஆல்ப்ஸ், பைரனீஸ், நார்வே என்று ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறவர்களில் பலர் சைக்கிளையும் கூடவே எடுத்துப் போகிறார்கள். வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக இடம் மிஞ்சாததால் சைக்கிள் வெளியே தொங்குகிறது. இங்கே பேசுவது பெரும்பாலும் ஃபியட் டுகாட்டோ வேனைப் பற்றி. பெஜோ பாக்ஸர், சித்ரோயன் ஜம்பர், 2021 முதல் ஓப்பல் மொவானோ ஆகியவையும் அதே உடலமைப்பு கொண்டவை என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

எந்தத் தாங்கி வாங்கலாம்? முதலில் எதைப் பார்ப்பது?

எந்த நிறுவனம் என்பதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள்கள் எத்தனை கிலோ? வேனின் பின்கதவை ஒரு நாளில் எத்தனை முறை திறப்பீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் சந்தையில் இருப்பதில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

எடையை விளம்பரத் தாளில் படிக்காதீர்கள். குளியலறை எடைக் கருவியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பூட்டு, மட்கார்டு, பம்ப், புட்டித் தாங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு இருக்கும் எடைதான் தாங்கிக்கு முக்கியம்.

பின்பக்கத் தாங்கிகளில் என்னென்ன வகை உண்டு?

கதவில் மாட்டுவது, இழுவைக் கொக்கியில் மாட்டுவது, கொக்கியிலிருந்து பக்கவாட்டில் சுழன்று விலகுவது என மூன்று. வேனின் பின்பக்க ஏணியில் கட்டுவது என்று நான்காவதாக ஒன்றைச் சொல்வார்கள். அதைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். ஏணி ஆள் ஏறுவதற்காகச் செய்தது, 100 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளைச் சுமப்பதற்காக அல்ல.

கதவில் மாட்டும் தாங்கி யாருக்குச் சரி?

இரண்டு சாதாரண சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு. டுகாட்டோ போன்ற இரட்டைக் கதவு வேன்களுக்கு வரும் தாங்கிகளில் 35 கிலோ என்ற எல்லையை அடிக்கடி பார்க்கலாம். மலைப்பாதை சைக்கிள் ஒன்று 13 முதல் 15 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 30க்குள் அடங்கிவிடும். மின்சார சைக்கிள் என்றால் ஒன்றே 25 கிலோவைத் தொடும். இரண்டையும் ஏற்றிவிட்டு, "பேட்டரியைக் கழற்றிவிட்டேனே" என்பவர்கள் உண்டு. 500 வாட்-மணி பேட்டரி மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 750 வாட்-மணி பேட்டரி நான்கு கிலோவுக்கு மேல். இரண்டையும் கழற்றினாலும் 50 கிலோ 35 ஆகிவிடாது.

கதவில் மாட்டுவதன் பெரிய நன்மை, சைக்கிளோடு சேர்த்தே கதவைத் திறக்கலாம் என்பதுதான். ஆனால் எல்லா மாடலிலும் அப்படி இல்லை. சில, இரண்டு கதவுகளையும் குறுக்கே இணைத்துவிடும். சைக்கிளை இறக்கினால்தான் கதவு திறக்கும். சில, ஒரே கதவின் கீல்களைப் பிடித்து நிற்கும். மற்ற கதவு சுதந்திரமாக இருக்கும். வாங்குவதற்கு முன் பொருத்தும் கையேட்டை இணையத்தில் எடுத்து, படத்தில் எந்தப் போல்ட் எந்தக் கதவில் இறங்குகிறது என்று பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் "எளிதில் திறக்கலாம்" என்ற வரி அதைச் சொல்லாது.

கொக்கித் தாங்கியைச் சாய்த்தால் பின்கதவு திறக்கும் என்கிறார்களே?

கார்களில் திறக்கும். மேல்நோக்கித் தூக்கும் ஒற்றைக் கதவு உள்ள வேன்களிலும் ஓரளவு திறக்கும். டுகாட்டோவில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். காரணம் எளிது. அதன் பின்பக்கத் திறப்பு ஏறத்தாழ 1.56 மீட்டர் அகலம். ஆகவே ஒவ்வொரு கதவும் சுமார் 78 சென்டிமீட்டர். அந்தக் கதவு வெளிப்பக்கமாக அரைவட்டம் போட வேண்டும். தாங்கியைச் சாய்த்தால் சைக்கிளின் மேல்பகுதி விலகும். கீழே தாங்கியின் அடித்தட்டும் சைக்கிளின் சக்கரங்களும் கதவின் பாதையிலேயே நிற்கும். கதவு ஒரு கை நுழையும் அளவு திறந்து, சைக்கிள் பெடலில் இடித்து நின்றுவிடும்.

பல வேன்களில் சமையல் வாயு உருளை பின்கதவுக்குப் பின்னால் ஓர் ஓரப் பெட்டியில்தான் இருக்கிறது. மழையில், இருட்டில், காபி போடும் நேரத்தில் உருளை தீர்ந்தால் இரண்டு சைக்கிளையும் இறக்கி ஈரத் தரையில் சாய்த்துவிட்டுத்தான் அதை மாற்ற முடியும். பின்கதவை எத்தனை முறை திறப்பீர்கள் என்ற கேள்வியின் அருமை அப்போதுதான் தெரியும்.

அப்படியானால் சுழன்று விலகும் தாங்கிதான் வழியா?

மின்சார சைக்கிளும் வேண்டும், பின்கதவும் திறக்க வேண்டும் என்றால், ஆம். தூலே நிறுவனத்தின் வெலோஸ்விங் இந்தத் தேவைக்காகவே வந்தது. வேறு நிறுவனங்களும் செய்கின்றன. ஒரு பிடியை விடுவித்ததும் முழுத் தாங்கியும் சைக்கிள்களோடு பக்கவாட்டில் திரும்பிவிடும். இரண்டு கதவுகளும் விரியத் திறக்கும்.

விலை அதிகம், தாங்கியே கனம். இன்னொன்றையும் கடைக்காரர் சொல்ல மாட்டார்: சரிவில் நிறுத்தியிருக்கும்போது 50 கிலோ சுமையோடு அந்தக் கை தானாகவே சுழலும். மலையடிவார முகாமில் சமதளம் என்பது அபூர்வம். திறந்த நிலையிலும் பூட்டி நிற்கிறதா என்று கடையில் கையால் அசைத்துப் பாருங்கள். சுழலும் பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சைக்கிள் நீளத்துக்கு இடம் வேண்டும் என்பதால் நெருக்கமான வாகன நிறுத்தங்களில் அது பயன்படாமல் போகலாம்.

தாங்கியும் சைக்கிள்களுமாக 70 கிலோவை மாட்டினால் வேனுக்கு 70 கிலோதானே கூடும்?

மொத்த எடையில் 70தான். பின் அச்சில் அதைவிட அதிகம். பலரும் கோட்டை விடும் இடம் இது. கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன்.

5.99 மீட்டர் நீள டுகாட்டோவில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4.035 மீட்டர். பின் அச்சிலிருந்து வேனின் கடைசி விளிம்பு வரை சுமார் ஒரு மீட்டர். அதற்கும் பின்னால் சைக்கிள்களின் எடை மையம் சுமார் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். ஆக, பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் 70 கிலோ தொங்குகிறது. 4.035உடன் 1.4ஐக் கூட்டி, 4.035ஆல் வகுத்து, 70ஆல் பெருக்கினால் 94 கிலோ வருகிறது. அந்தக் கூடுதல் 24 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. ஏற்ற இறக்கப் பலகை (சீசா) விளையாட்டில் கனமான பையன் ஓரத்துக்கு நகர்ந்து உட்காருவது போலத்தான். 5.41 மீட்டர் நீள டுகாட்டோவில் அச்சு இடைவெளி 3.45 மீட்டர்தான் என்பதால் அதே சுமை பின் அச்சில் 98 கிலோவாக இறங்கும்.

டுகாட்டோ முன்சக்கர இயக்கம். முன்பக்கம் இலேசானால் ஈரப் புல்வெளியில் சக்கரம் சும்மா சுழலும். மலையேற்றத்தில் ஸ்டீயரிங் மிதப்பது போல இருக்கும்.

என் வேனின் பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று எங்கே பார்ப்பது?

வேனில் ஒட்டியோ அறைந்தோ இருக்கும் தயாரிப்பாளர் தகட்டில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது வேனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவது இழுவை வண்டியோடு சேர்த்து. அடுத்து "1" என்று தொடங்குவது முன் அச்சு, "2" என்று தொடங்குவது பின் அச்சு. சாதாரண 3.5 டன் டுகாட்டோக்களில் பின் அச்சுக்கு 2,000 கிலோ என்றும், கூடுதல் சுமை தாங்கும் மாக்ஸி வகையில் 2,400 கிலோ என்றும் பார்க்கலாம். உங்கள் தகட்டில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு.

பிறகு வேனை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் நிரப்பி, ஆட்கள் ஏறி, பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே போக வேண்டும். முழு வேனையும் ஒரு முறை, பின் அச்சை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறை எடுங்கள். குறுக்குப் படுக்கை, அதன் கீழே அடைத்த பெட்டிகள், கழிவுநீர்த் தொட்டி என்று பல வேன்களில் கனமானவை ஏற்கெனவே பின்பக்கம்தான் குவிந்திருக்கின்றன. ஐரோப்பாவில் பி வகை (சாதாரண கார்) ஓட்டுநர் உரிமத்துக்குப் பொதுவான எல்லை 3,500 கிலோ. ஏறத்தாழ 3,000 கிலோவில் தொடங்கும் வேனில், இரண்டு பேர் கூட ஏறி, மேற்கூரைக் கூடாரம் ஒன்றும் வைத்துவிட்டால், தாங்கிக்கு மிஞ்சுவது சொற்பம்.

கொக்கியின் நுனியில் இருக்கும் உருண்டையான குண்டு எவ்வளவு தாங்கும்?

கொக்கியின் தகட்டில் "எஸ்" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கிலோவில் ஓர் எண் இருக்கும். செங்குத்தாக அழுத்தக்கூடிய எடை அது. அது 100 என்றால், 20 கிலோ தாங்கி போக 80 கிலோ சைக்கிளுக்கு என்று மகிழ வேண்டாம். தாங்கியின் சொந்த எல்லை 60 என்றால் 60தான். வேனின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான். எப்போதும் ஆகக் குறைந்த எண்ணே செல்லும். சில தாங்கிகள் அலுமினியக் குண்டில் மாட்டக்கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கும். உங்கள் குண்டு எஃகா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பின்விளக்குகள் மறைந்தால் என்ன செய்வது?

டுகாட்டோவின் பின்விளக்குகள் இரண்டு ஓரத் தூண்களில் நெட்டுக்குத்தாக இருக்கின்றன. வேனின் அகலம் 2.05 மீட்டர், பெரிய மலைப்பாதை சைக்கிளின் நீளம் சுமார் 1.9 மீட்டர். அதாவது கதவில் மாட்டிய சைக்கிளின் இரு சக்கரங்களும் விளக்குகளை ஒட்டியே வந்து நிற்கும். தாங்கியின் உயரத்தைப் பொறுத்து டயர் நேராகத் திசைகாட்டி விளக்கை மூடிவிடும். பொருத்திய பிறகு சைக்கிளை ஏற்றி, விளக்குகளைப் போட்டுவிட்டு, பத்து மீட்டர் பின்னால் போய் நேராக ஒரு முறை, இரு பக்கமும் விலகி ஒவ்வொரு முறை பாருங்கள். மறைகிறது என்றால் தனி விளக்குப் பலகை தேவை.

கொக்கித் தாங்கிகளில் விளக்குப் பலகை கூடவே வரும். அதன் இணைப்பு பெரும்பாலும் 13 முனை கொண்டது. பழைய வேன்களில் 7 முனைத் துளைதான் இருக்கும். நடுவில் ஒரு மாற்றி போட்டால் வேலை செய்யும். ஆனால் 7 முனையில் பின்னோக்கி ஓட்டும்போது எரியும் விளக்குக்கு வழி இல்லை.

நம்பர் பிளேட் மறைந்தால் அதே எண்ணோடு இன்னொன்று தாங்கியில் இருக்க வேண்டும். பிரிட்டனில் எண் தெரியாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. ஜெர்மனியில் தாங்கியில் வைக்கும் இரண்டாவது பிளேட்டுக்கு முத்திரை தேவையில்லை. அட்டையில் பேனாவால் எழுதி ஒட்டுவது எங்கேயும் செல்லாது. ஆனாலும் கோடை விடுமுறையில் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் அப்படி ஒன்றாவது கண்ணில் படும்.

இத்தாலி, ஸ்பெயின் வேன்களில் தொங்கும் சிவப்பு-வெள்ளைப் பலகை எதற்கு?

வண்டிக்குப் பின்னால் சுமை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எச்சரிப்பதற்கு. இரண்டு நாட்டிலும் சட்டப்படி கட்டாயம். 50க்கு 50 சென்டிமீட்டர், சாய்வுக் கோடுகள், ஒளியை எதிரொளிக்கும் பரப்பு. இத்தாலிக்கு அலுமினியப் பலகையாக வாங்குங்கள். மலிவான பிளாஸ்டிக் வேண்டாம். கோடுகளின் அமைப்பு இரு நாட்டுக்கும் வேறு என்பதால் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றொன்று என்று அச்சிட்ட பலகையும் விற்கிறார்கள். காற்றில் படபடக்காதபடி நான்கு மூலையிலும் கட்டுங்கள்.

ஜெர்மனியில் சைக்கிளுக்கு இந்தப் பலகை தேவையில்லை. சுமை பின்பக்க எதிரொளிப்பானிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் நீண்டால் மட்டும் சிவப்புக் கொடி போன்ற அடையாளம் வேண்டும். சைக்கிள் தாங்கி பொதுவாக அவ்வளவு நீளாது.

கரடுமுரடான சாலைக்கு எது தாங்கும்?

உண்மையைச் சொன்னால், இந்தத் தாங்கிகள் எல்லாமே தார்ச்சாலைக்காகச் செய்தவை. பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில் 50 கிலோ சுமை அதைப் போலப் பல மடங்கு விசையோடு போல்ட்டை இழுக்கிறது. கதவுத் தாங்கியில் இதன் விளைவை நேரில் பார்க்கலாம். முதலில் கீலைச் சுற்றிப் பெயின்ட்டில் முடி போன்ற கீறல் வரும். பிறகு கதவு இரண்டு மில்லிமீட்டர் இறங்கி, பூட்டு நாக்கு அதன் குழியில் சரியாக உட்காராமல், அழுத்திச் சாத்த வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு ரப்பர் விளிம்பு வழியாக மழைத்தண்ணீர் உள்ளே கசியும். பெயின்ட் கீறும் கட்டத்திலேயே சுமையைக் குறைத்தால் கதவு பிழைக்கும்.

கொக்கித் தாங்கிக்குக் கதவுப் பிரச்சினை இல்லை, தரைப் பிரச்சினை உண்டு. அது தாழ்ந்து, பின்னுக்கு நீண்டு இருக்கிறது. பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதோ, நார்வே ஃபியர்டுகளில் படகின் சாய்தளத்தில் ஏறும்போதோ, முதலில் தரையைத் தொடுவது விளக்குப் பலகைதான். மெதுவாக, முடிந்தால் சற்றுக் கோணலாக ஏறுவது உதவும்.

பல தாங்கிகளின் கையேட்டில் 130 கிலோமீட்டர் வேக எல்லை இருக்கிறது. மண்சாலையில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அங்கே 30, 40 போதும். ஒவ்வொரு கரடுமுரடான பகுதியும் முடிந்ததும் இறங்கி, பட்டிகளையும் நட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். எங்காவது நட்டைச் சுற்றிப் பளபளவென்று உலோகத் தூள் தெரிந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம்.

கதவில் துளை போடலாமா?

துளையில்லாத மாடல் இருந்தால் அதையே வாங்குங்கள். வேறு வழியில்லை என்றால் துளையின் விளிம்பை அரத்தால் மழுங்கடித்து, துருத்தடுப்புப் பெயின்ட் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் அகலமான தகடு வைத்து, நீர் புகாத பசையோடு போல்ட்டை இறக்குங்கள். வெறும் வாஷர் மட்டும் வைத்தால் மெல்லிய தகரம் குழிந்துவிடும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க மறக்காதீர்கள்.

சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசுமே?

உரசும். இப்போதைய மலைப்பாதை சைக்கிளின் கைப்பிடி 78, 80 சென்டிமீட்டர் அகலம். ஒன்றை இடப்பக்கம் பார்த்தும் அடுத்ததை வலப்பக்கம் பார்த்தும் ஏற்றினாலும் ஒரு கைப்பிடி மற்றதன் சீட்டிலோ வேனின் கண்ணாடியிலோ போய் முட்டும். கைப்பிடியைத் தளர்த்தித் திருப்பிவிடலாம்; சீட்டை இறக்கிவிடலாம். வேனை ஒட்டி இருக்கும் பெடலைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. கார்பன் சட்டமாக இருந்தால் பிடிக்கும் கை அதை நேரடியாக நெரிக்கக்கூடாது. அதற்கென வரும் உறையைப் போட்டு, அளவான அழுத்தத்தில் நிற்கும் திருகு உள்ள தாங்கியாகப் பாருங்கள். அகலமான டயர் போட்டிருந்தால் தாங்கியின் பள்ளமும் பட்டியும் அதற்குப் போதுமா என்று உங்கள் சக்கரத்தை எடுத்துப்போய் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

மழைக்கு உறை போடலாமா?

நிறுத்தியிருக்கும்போது தாராளமாக. ஓடும்போது உறை பாய்மரமாகிவிடும், விளக்கையும் மறைக்கும். சதுரமான வேனுக்குப் பின்னால் காற்று சுழன்று, சாலைத் தண்ணீரையும் மணலையும் சைக்கிள் மேலேயே வாரி இறைக்கிறது. மின்சார சைக்கிளின் மின் இணைப்புகளுக்கும் திரைக்கும் மட்டும் சிறு உறை போட்டு, இடத்துக்குப் போனதும் சங்கிலியைக் கழுவி எண்ணெய் விடுவதே நடைமுறை.

கப்பலில் ஏற்றும்போது?

மொத்த நீளத்தைத் தாங்கியோடு சேர்த்துச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பல வழித்தடங்களில் 6 மீட்டர் என்பது கட்டண எல்லை. 5.99 மீட்டர் வேனை வாங்கியவர்கள் அதற்காகவே அதை வாங்கியிருப்பார்கள். சைக்கிளை மாட்டியதும் அது ஆறரை மீட்டரைத் தாண்டிவிடும்.

ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர், கலிஃபோர்னியா வேன்கள் வைத்திருப்பவர்களுக்கு?

மேல்நோக்கித் தூக்கும் கதவு இருந்தால், கதவுத் தாங்கியில் சைக்கிளோடு கதவைத் தூக்க எண்ணாதீர்கள். கதவைத் தூக்கி நிறுத்தும் வாயுத் தண்டுகள் கதவின் எடைக்கு மட்டும் கணக்கிட்டவை. கதவு தலையில் இறங்கும். இவர்களுக்குச் சாயும் கொக்கித் தாங்கி நல்ல தேர்வு. இரட்டைக் கதவு டிரான்ஸ்போர்ட்டர் என்றால் மேலே டுகாட்டோவுக்குச் சொன்னதே.

திருட்டு?

தாங்கியோடு வரும் சாவிப் பூட்டு, பெட்ரோல் நிலையத்தில் பணம் கட்டிவிட்டு வரும் வரைக்குத்தான். இரவில் கனமான சங்கிலியை இரண்டு சட்டங்களிலும் நுழைத்து, வேனின் இழுவை வளையத்திலோ கொக்கியின் அடிச்சட்டத்திலோ கோர்த்துப் பூட்டுங்கள். தாங்கியில் மட்டும் கோர்த்தால் தாங்கியோடு போய்விடும். பேட்டரியை உள்ளே எடுத்துவையுங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தில் எந்தத் தரப் பூட்டு என்று எழுதியிருக்கிறது என்பதையும், வேனுக்கு வெளியே இருக்கும் சைக்கிள் அதில் சேருமா என்பதையும் படியுங்கள்.

பழைய தாங்கி வாங்கலாமா?

கொக்கித் தாங்கி என்றால் வாங்கலாம். சுழலும் தாங்கி என்றால் யோசியுங்கள். குண்டைக் கவ்வும் தாடையைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்: சீரான தேய்மானம் பரவாயில்லை, ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் அளவுக்கு மீறிச் சுமந்திருக்கிறது. பற்றவைப்பு மூட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு விளக்கடித்துப் பாருங்கள். பற்கள் கொண்ட பிளாஸ்டிக் பட்டிகள் வெயிலில் வெளிறி இருந்தால் அவற்றுக்கு மாற்று கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். சுழலும் கையின் அச்சில் தேய்மானம் இருந்தால் வெளியே தெரியாது; சைக்கிளை ஏற்றி, கையை விரித்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால்தான் தெரியும். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். கதவுத் தாங்கியைப் பழையதாக வாங்குவதாக இருந்தால், அது எந்த ஆண்டு எந்த மாடல் வேனில் இருந்தது என்று கேட்டு, பொருத்தும் கையேட்டையும் எல்லா நட்டு போல்ட்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு சிறு கொக்கித் துண்டு குறைந்தாலும் தனியாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.